முட்டும்வரை திருப்பு

வண்டியை நாலு இஞ்ச் தூக்கிவிட்டால் எவ்வளவு பெரிய டயரும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நம்புகிற புத்திசாலிகள் நிறைய உண்டு. அதில் ஒருவன் சொந்தமாக ஒர்க்‌ஷாப்பே வைத்திருந்தான். தெருவில் அவனுக்குச் சுத்தியல் என்று பெயர். முகத்துக்கு நேரே ‘அண்ணே’, முதுகு திரும்பியதும் ‘சுத்தியல்’. நசுங்கிய தகரத்தை அடித்து நிமிர்த்துவதில் கெட்டிக்காரன், அதனால் வந்த பெயர். அவன் மனைவியைப் பக்கத்தில் பார்த்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

அன்று காலை அந்த மனைவி ஒர்க்‌ஷாப் தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். ஒரு பிக்கப் வண்டியின் முன்சக்கர வளைவுக்குள் தலையை விட்டு, உள்ளே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். காட்டுப் பாதையிலும் பாறையிலும் ஏறுகிற வண்டி. ஒரு கான்ட்ராக்டருடையது. அந்த மனுஷருக்குப் பழைய டயர் போதவில்லையாம், முப்பத்தைந்து இஞ்ச் டயர் வேண்டுமாம். மாட்டியாகிவிட்டது. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் பிறாண்டிக்கொண்டு அலறுகிறது. மதியம் வண்டி எடுக்க வருவேன், உரசல் சத்தம் கேட்டால் வண்டியை உன் தலையிலேயே ஏற்றிவிட்டுப் போவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவளுக்கு உரசலும் தெரியவில்லை, டயரும் தெரியவில்லை. கை தன் பாட்டில் அறுத்துக்கொண்டிருந்தது. மனசு முழுக்க மகள்.

போன வாரம் அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். “நானும் பாப்பாவும் தம்பி வீட்டுக்குப் போயிடறோம். உங்ககூட என்னால முடியல.” அன்று ராத்திரி சுத்தியல் கை நீட்டவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. விடிந்ததும் தூங்கிக்கொண்டிருந்த ஏழு வயசுப் பிள்ளையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போய்த் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். “நீ ஆட்டத்தை நிறுத்துற வரைக்கும் அவ அங்கதான் இருப்பா” என்றான். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அவள் மூன்று தடவை போய் நாத்தனார் வீட்டுக் கேட்டைத் தட்டினாள். மூன்று தடவையும் ‘பாப்பா தூங்குறா’ என்ற பதில் உள்ளே இருந்தே வந்தது. நடுப்பகலில் எந்தப் பிள்ளை தூங்கும்?

வண்டிக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி நின்றிருந்தான். அங்கே வெல்டிங் வேலை அவனுடையது. அக்கா புருஷனிடம் சம்பளத்துக்கு நிற்பது கேவலம் என்று எத்தனையோ பேர் சொல்லியும், அக்காவைத் தனியாக விட மனசு வராமல் அங்கேயே கிடந்தான்.

“மாமா, சும்மா அறுத்துட்டே போனா ஆகாது. வண்டியைத் தூக்கினது சமதரையில நிக்கறப்ப மட்டும்தான் இடம் கொடுக்கும். ஒரு பக்கம் பாறையில ஏறுச்சுன்னா சக்கரம் மேல வந்து பழைய இடத்துலயே மோதும். மேல நீளமான தடுப்பு ரப்பர் போடணும். அப்புறம் பின்னால, கேபினைச் சேஸிஸ் சட்டத்துல தாங்குற இரும்புப் பிடி இருக்குல்ல, அதோட மூலையை வெட்டணும்” என்றான்.

சொன்னது அத்தனையும் சரி. சுத்தியலுக்கும் அது தெரிந்தது, முகம் கடுகடுவென்று ஆனதே ஒழிய மறுத்துப் பேசவில்லை. தம்பி அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

“பாப்பாவை எப்ப கூட்டிட்டு வரப் போறீங்க?”

சுத்தியலின் கையில் வீல் ஸ்பானர் இருந்தது. யோசிக்கக்கூட இல்லை, பூச்சி அடிப்பதுபோல வீசினான். தம்பி முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான், மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவளுக்கே கேட்டது. வெளியே உருண்டு வருவதற்குள் இரண்டாவது அடி தோளில் விழுந்துவிட்டது. தம்பி டயர் மேல் சரிந்து, அங்கிருந்து தரைக்கு வந்தான். அவள் குறுக்கே போய் விழுந்தாள். மூன்றாவது அடி அவள் முதுகுக்கு. அது அவளுக்குப் புதிதில்லை.

“என் பிள்ளையைப் பத்தி இனி எவனாவது வாயைத் திறந்தா பல்லைப் பொறுக்கிட்டுதான் போவான்” என்று சொல்லிவிட்டு, சுத்தியல் ஒன்றுமே நடக்காததுபோலக் கட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான்.

அவள் தம்பியின் கையை அட்டைத் துண்டில் வைத்து, துடைக்கிற துணியைக் கிழித்துக் கட்டினாள். கை ஏற்கெனவே உப்பிப் போயிருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போடா.”

“உன்னை இங்க விட்டுட்டா? போக்கா.”

கட்டர் இரும்பைக் கடித்துத் தீப்பொறியைத் துப்பிக்கொண்டிருந்தது. பிடியின் மூலை துண்டாகி விழுந்தது. சுத்தியல் வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கதவுக்குக் கீழே கத்திபோல நீட்டிக்கொண்டிருந்த தகர மடிப்பை நாலே அடியில் உள்பக்கம் படுக்க வைத்தான். வெட்டின இடத்தில் தகடு வைத்து வெல்டிங் போட வேண்டும், பிசிறைத் தேய்த்து விட வேண்டும். அதற்கு முன்னால் இடம் போதுமா என்று பார்த்துவிட வேண்டும். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வெட்டலாமே.

பார்க்கிற முறை இதுதான். ஒரு முன்சக்கரத்தை இரும்புச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்துவார்கள். அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கி, டயர் வளைவுக்குள் நன்றாகப் போய்ச் செருகிக்கொள்ளும். ஒருத்தர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்புவார். இன்னொருத்தர் கீழே உட்கார்ந்து எங்கே தொடுகிறது என்று பார்ப்பார். மற்ற இடங்களில் டார்ச்சும் அளவுகோலும் வைத்துப் பார்ப்பார்கள். சுத்தியலுக்கு அதெல்லாம் பிடிக்காது. டயருக்கும் இரும்புக்கும் நடுவில் கையை விட்டு, விரலை வைத்துத்தான் பார்ப்பான். இரண்டு விரல் தாராளமாகப் போனால் சரி. தான் நிறுத்து என்றால் மேலே உட்கார்ந்திருக்கிறவன் நிறுத்துவான் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவன் சொல்லி இதுவரை அந்த ஒர்க்‌ஷாப்பில் எவனும் நிறுத்தாமல் இருந்ததில்லை.

எப்போதும் மேலே உட்காருவது தம்பி. அவன்தான் கையைப் பிடித்துக்கொண்டு மூலையில் கிடக்கிறானே.

“ஏய், நீ ஏறு” என்றான் அவளைப் பார்த்து.

அவள் ஏறினாள். ஓட்டத் தெரியாமல் இல்லை, அந்த நெருக்கடியான இடத்தில் வண்டிகளை உள்ளே விட்டு வெளியே எடுப்பது அவள்தான். எஞ்சினைக் கிளப்பிச் சாய்தளத்தில் ஒரே மூச்சில் ஏற்றி நிறுத்தினாள். வண்டி ஒருபக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. திறந்திருந்த கண்ணாடி வழியாகக் குனிந்தால் நேர் கீழே சுத்தியலின் தலை. நடுவில் முடி கொட்டி வழுக்கை விழுந்திருந்தது. பத்து வருஷத்தில் அதை மேலேயிருந்து அவள் பார்த்ததே இல்லை.

“அந்தப் பக்கம் திருப்பு... போதும். இப்ப என் பக்கம். மெதுவா. மெதுவாடி, சனியனே!”

அவள் மெதுவாகவே திருப்பினாள். அவன் டயருக்குப் பின்னால், வெட்டின பிடிக்கும் டயர் ரப்பருக்கும் நடுவில் கையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் விட்டுத் தடவிக்கொண்டிருந்தான்.

அப்போது அவன் போன் அடித்தது. ஒரு கை உள்ளே இருக்க, இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். அவன் அக்கா.

“டேய், காலையிலேர்ந்து அழுதுட்டே இருக்காடா. ஒரு வாய் சாப்பிடல. அம்மாகிட்ட போகணும்னு தலையைச் சுவத்துல முட்டிக்கிறா. நெத்தி வீங்கிப் போச்சு. எனக்குப் பயமா இருக்கு.”

பின்னால் பிள்ளையின் குரல். அழுகைகூட இல்லை, அழுது தீர்ந்தபின் வருகிற விக்கல்.

“அந்த ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டு. கத்திக் கத்தித் தானா அடங்குவா. எல்லாம் இவ வளர்த்த லட்சணம்” என்றான் சுத்தியல். சொல்லிவிட்டு மேலே பார்த்து, “என்ன பராக்குப் பார்க்கிறே? திருப்பு. முட்டுற வரைக்கும் திருப்பு” என்றான்.

அவள் திருப்பினாள்.

பவர் ஸ்டியரிங். பெரிய பலமெல்லாம் தேவையில்லை. அத்தனை பெரிய டயர் பின்பக்கமாக நகர்ந்து, அவன் முன்கையை வெட்டின இரும்பின் பிசிறோடு சேர்த்து அழுத்தியது. முதலில் அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. “ஏய், ஏய், நிறுத்து!” என்றான், எரிச்சலாகத்தான். அவள் இன்னும் திருப்பினாள். ஏதோ ஒன்று உள்ளே முறிந்தது. அதற்கப்புறம் அவன் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை.

“நிறுத்துடி! கை! கை மாட்டிக்கிச்சு!”

“தெரியும்” என்றாள்.

போனில் நாத்தனார் ‘என்னடா, என்னடா’ என்று கூவினாள். அவள் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினாள். 

“அண்ணி, கேக்குதா? உங்க தம்பி கை டயருக்கும் இரும்புக்கும் நடுவுல இருக்கு. ஸ்டியரிங் என் கையில இருக்கு. பாப்பாவை இங்க கூட்டிட்டு வாங்க. அவ இந்தக் கேட்டுக்குள்ள வந்தா விடுவேன். போலீஸ் அது இதுன்னு போனீங்கன்னா இன்னும் கொஞ்சம் திருப்புவேன். இன்னும் இடம் இருக்கு.”

“அக்கா, கூட்டிட்டு வராதே! இவளை நான் பார்த்துக்கறேன்!” என்று சுத்தியல் கத்தினான். அவள் இன்னும் கொஞ்சம் திருப்பினாள். “கூட்டிட்டு வா! கூட்டிட்டு வந்து தொலை!” என்று அதே மூச்சில் அலறினான்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்? பத்து வருஷமாக வாங்கினதெல்லாம் உடம்பை விட்டு இறங்கிப் போகிற மாதிரி, தொண்டை வரைக்கும் சந்தோஷம்.

ஆனால் ஸ்டியரிங்கை விட முடியாது. விட்டால் சக்கரம் கொஞ்சம் தளரும், அவன் கையை உருவிக்கொள்வான். அப்புறம் அவளும் இருக்க மாட்டாள், தம்பியும் இருக்க மாட்டான். அதனால் காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் தொங்கவிட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

சுத்தியல் முதலில் திட்டினான். அவள் அம்மாவிலிருந்து தொடங்கி ஒருத்தரையும் விடவில்லை. பிறகு இடது கையால் தரையைத் துழாவித் தன் சுத்தியலைப் பிடித்து மேலே வீசினான். அது கண்ணாடிச் சட்டத்தில் பட்டுத் திரும்பி அவள் தாடையில் விழுந்தது. வாயெல்லாம் ரத்தம், ஒரு பல் ஆடியது. அவள் கையை விடவில்லை. ரத்தத்தைக் கீழே துப்பினாள், அவன் வழுக்கையில் விழுந்தது.

“அக்கா, போதும்க்கா” என்றான் தம்பி. எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தான், முகம் வெளுத்துப்போயிருந்தது. “ரத்தம் நிறையப் போகுது. கை போயிடும்க்கா.”

“போகட்டும். அவன் கைதானே?”

“நீ இப்படிப் பேசாதே.”

“இத்தனை வருஷம் பேசாம இருந்துதானேடா பிள்ளையைத் தொலைச்சேன்!”

தம்பி நல்ல கையால் வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றான். யாரை அடிப்பதற்கு என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது.

இத்தனை கூப்பாட்டுக்கும் தெருவில் இருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து அலறல் வருவது பழகிப்போன விஷயம். பக்கத்துக் கடைக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார், அன்றைக்கும் வைத்தார். இத்தனை வருஷமாக அவளுக்கு வராதவர்கள் அவனுக்கு மட்டும் வந்துவிடுவார்களா என்ன?

வந்தது கான்ட்ராக்டர்தான். சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு, “என்னப்பா, உரசுதா இல்லியா?” என்று கேட்டபடியே உள்ளே நுழைந்தார். நாலடி வந்ததும் நின்றார். தரையில் ரத்தம் ஓடியிருந்ததைப் பார்த்தார், சுத்தியலின் முகத்தைப் பார்த்தார், மேலே அவள் வாயைப் பார்த்தார்.

“சார், காப்பாத்துங்க சார்!” என்று அழுதான் சுத்தியல்.

“உங்க வண்டியைத் தொட வந்தீங்கன்னா இவன் கை உங்க டயரோட வந்துடும். ஓரமா நில்லுங்க” என்றாள் அவள்.

பாறை மேல் வண்டி ஏற்றுகிற வீரர் அவர். ஓரமாகக்கூட நிற்கவில்லை. “நான் அப்புறமா வரேம்மா, அவசரம் இல்லை” என்று சொல்லிப் பின்னாலேயே நடந்து கேட்டைத் தாண்டினார், அப்புறம் ஓடினார்.

அதற்குப் பிறகு சுத்தியல் கெஞ்ச ஆரம்பித்தான். இனிமேல் குடிக்க மாட்டேன் என்றான், அவன் குடிக்கிறவனே இல்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். கடைசியில் தலையை மட்கார்டில் சாய்த்துக்கொண்டு முனகினான். அவளுக்கு அந்தச் சந்தோஷம் எப்போதோ போயிருந்தது. தோள்பட்டை இரண்டும் தெறித்தன. கண்ணில் வேர்வை இறங்கியது, துடைக்கக் கை இல்லை. பாப்பா வரணும், பாப்பா வரணும் என்று மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது.

நாத்தனார் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். மகள் நெற்றியில் பெரிய வீக்கம். தலை வாரவில்லை. யாருடைய பழைய சட்டையையோ போட்டுவிட்டிருந்தார்கள்.

“பாவி! படுபாவி! என் தம்பியைக் கொன்னுட்டியே!” என்று நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொல்லுடி! என்னை விடச் சொல்லுடி, பாப்பா!” என்று சுத்தியல் கத்தினான்.

“பாப்பா, இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன்!” என்று அவளும் கத்தினாள். வாயில் ரத்தத்தோடு, வண்டியின் இரைச்சலை மீறி, இருந்த பலம் அத்தனையையும் திரட்டிக் கத்தினாள்.

பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. அத்தையின் கையை உதறிவிட்டு நேராக வெல்டிங் மேஜைக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். முழங்காலில் முகத்தைப் புதைத்து, காது இரண்டையும் பொத்திக்கொண்டாள். வீட்டில் சத்தம் கிளம்பினால் கட்டிலுக்கு அடியில் அவள் உட்காருவது இப்படித்தான்.

அதைப் பார்த்துவிட்டு அவள் ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பினாள். டயர் விலகியது. சுத்தியல் கையை மடியில் போட்டுக்கொண்டு பொத்தென்று சரிந்தான், எழுந்திருக்கப் பார்த்தான், கண் சொருகிவிட்டது. நாத்தனார் அவன் மேல் விழுந்து, ஆம்புலன்ஸுக்கு போன் போடச் சொல்லி ஆட்டோக்காரரைக் கூப்பிட்டாள்.

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. மேஜைக்கு முன்னால் மண்டியிட்டாள்.

“கண்ணு, வாடா. வந்துட்டேன் பாரு. போயிடலாம் வாடா.”

பிள்ளை தலையைத் தூக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“அம்மா, என்னை அடிக்காதம்மா.”

ஒருநாள்கூட அவள் அந்தப் பிள்ளையை அடித்ததில்லை. அதட்டினதுகூட இல்லை. “நான் உன்னை அடிப்பேனாடா? என் தங்கமே, நானா?” என்றாள்.

“அப்ப கையைத் திற.”

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியிலேயே விரல்கள் இறுகிப்போய், இரண்டு கையும் முஷ்டியாக நின்றன. திறக்கப் பார்த்தாள், வரவில்லை. “விரல் வரலைடா. கொஞ்சம் இரு, இதோ திறக்கறேன்” என்று சொல்லி முஷ்டியைச் சிமெண்டுத் தரையில் வைத்து அழுத்தினாள். உயிர் போகிற வலி. ஒரு விரல் நிமிர்ந்தது, அடுத்ததை அழுத்தினாள். அழுதுகொண்டே ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பார்வையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அசையவில்லை. பத்து விரலும் நிமிர்ந்த பிறகு அவள் இரண்டு உள்ளங்கையையும் நீட்டிக் காட்டினாள்.

பிள்ளை மெல்ல வெளியே வந்தாள். நீட்டியிருந்த கைகளைத் தொட்டுவிடாமல் ஒதுங்கி நடந்து மாமாவிடம் போனாள். தம்பி வீல் ஸ்பானரைக் கீழே போட்டான். பிள்ளை அவனுடைய நல்ல கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“போலாம் மாமா” என்றாள்.

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நட, நான் பின்னாலயே வரேன்” என்றாள். அவர்கள் இரண்டு பேரும் கேட்டைத் தாண்டிப் போனார்கள். அவள் கொஞ்சம் இடைவெளி விட்டு, பிள்ளை திரும்பிப் பார்த்தால் பயந்துவிடக் கூடாதே என்று கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.